அப்பத்தாவின் லபெட் பெட்டியும் என் ஆங்கிலச் சொற்களும்

என் தாத்தாவை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஐயா இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு உதவித்தொகை விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரை அது. மனதில் நிற்கும் ஒரு மனிதரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை.

ஐயா பர்மாவில், ரங்கூனின் தாமுவே பகுதியில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். கோயிலில் தீமிதி நடக்கும் நாளில் அன்னதானப் பந்தியை முன்னின்று நடத்துவார். தமிழர், பர்மாக்காரர், முஸ்லிம் என்று பார்க்க மாட்டார், வந்தவருக்கு இலை போட்டுவிடுவார். அந்தத் தெருவில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. அதைத்தான் சொல்ல நினைத்து, 'மை கிராண்ட்ஃபாதர் வாஸ் நொட்டோரியஸ் இன் அவர் ஸ்ட்ரீட்' என்று எழுதி அனுப்பினேன்.

நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "உங்கள் தாத்தா என்ன குற்றம் செய்தார்?" என்று மெதுவாகக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. நொட்டோரியஸ் என்றால் கெட்ட காரியத்துக்குப் பேர் போனவர் என்று அவர் விளக்கியபோதுதான் உடம்பு கூசியது. என் ஐயாவைப் பற்றி என் கையாலேயே அப்படி எழுதியிருக்கிறேன். உதவித்தொகை கிடைக்காமல் போனதுகூடப் பிறகு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அந்தச் சொல் என்னிடம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் டியூஷனை 'சூஷின்' என்பார்கள். நான் போன சூஷினில் வாரத்துக்கு ஒரு தாள் தருவார்கள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் சின்னச் சொல், வலது பக்கம் அதற்கு இணையான பெரிய சொற்கள். ஃபேமஸ் என்பதற்கு நேராக ரெனௌண்ட், எமினென்ட், நொட்டோரியஸ் என்று மூன்று இருந்தன. எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வோம். ஒரு நாளைக்கு 20 சொல். சின்னச் சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய சொல்லை வைத்தால் மார்க் கூடும் என்று நம்பினோம்.

மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு மெட்ரிக் பரீட்சைக்குப் படித்தபோது இயற்பியல், வேதியியல், கணக்கு எல்லாமே ஆங்கிலப் புத்தகம்தான். ஆசிரியர் பர்மியில் விளக்குவார், நாங்கள் ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக உருப்போடுவோம். கமா எங்கே வருகிறது என்பதுகூட மனதில் இருக்கும். அந்தப் பழக்கம் பின்னால் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. நான் உருப்போட்ட பொருள்தான் தவறு. தனித்தனிச் சொற்களை உருப்போட்டேன்.

நேர்முகம் முடிந்து வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் அழுதேன். அப்பத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் பர்மியும்தான்.

"என்ன அர்த்தம்னு நெனச்சு எழுதுன?" என்று கேட்டார்.

"பேர் எடுத்தவர்னு நெனச்சேன் அப்பத்தா."

"பேரு எடுக்கிறதுல ரெண்டு இருக்குல்ல தாயி. நல்ல பேரு, கெட்ட பேரு. இது எந்தப் பேருன்னு கேக்காம விட்டுட்ட."

அப்புறம் அவரே வேறொன்றை ஞாபகப்படுத்தினார். எனக்கு ஆறு வயது இருக்கும்போது வீட்டு வாசலுக்கு ஒரு பொங்ஜி வந்திருக்கிறார். பிட்சுவைத்தான் பொங்ஜி என்போம். அவரைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று நான் பர்மியில் கேட்டிருக்கிறேன். 'சா' என்ற சொல்லைப் போட்டு. அது அண்ணன் தம்பிக்குள் சொல்கிற சொல். விருந்தாளியிடம் 'தோன்சௌங்' என்று சொல்ல வேண்டும். பிட்சுவுக்கோ 'போன்பே' என்று தனிச் சொல்லே உண்டு. மூன்றும் சாப்பிடுவதுதான். ஆனால் மூன்றும் மூன்று ஆட்களுக்கு. அப்பத்தா அன்றைக்கு என் தொடையில் கிள்ளினாராம். அதற்குப் பிறகு அந்தத் தவறை நான் செய்ததே இல்லையாம்.

அன்று இரவு படுத்துக்கொண்டே இதை யோசித்தேன். தமிழிலும் இதேதான் இருக்கிறது. வீட்டில் சோறு தின்கிறோம். ஓட்டலில் சாதம் கேட்கிறோம். கோயிலில் அன்னம். ஐயா நடத்தியது அன்னதானம். அதை யாரும் சோறுதானம் என்று சொல்ல மாட்டார்கள். தயிரோடு சாதம் சேரும், பழையதோடு சோறு சேரும். பழைய அன்னம் என்று சொன்னால் பேசத் தெரியாத ஆள் என்று தெரிந்துவிடும். இதை யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை. பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்ததால் வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் இந்தக் கேள்வியையே கேட்காமல், ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்று என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்துக்கு இப்படி அடுக்குகள் வந்ததற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செய்தது. வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம் இருந்தது. மதத்துக்கும் கல்விக்கும் லத்தீன். அதனால்தான் 'ஆஸ்க்', 'குவெஸ்சன்', 'இன்டெராகேட்' என்று மூன்று நிற்கின்றன. முதலாவது வீட்டுச் சொல். இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது, கொஞ்சம் விறைப்பானது. மூன்றாவது லத்தீன், போலீஸ் நிலையத்து நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்பது. அம்மா என்னிடம் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று கேட்டதை இன்டெராகேட் என்று எழுதினால் அம்மாவையே போலீஸாக்கிவிடும். பர்மியில் பாலிச் சொற்களும் தமிழில் வடசொற்களும் உட்கார்ந்திருக்கும் இடம் ஏறக்குறைய இதேதான். ஆசிரியரைப் பர்மியில் 'சயா' என்கிறோம். அது பாலியின் ஆச்சரிய என்ற சொல்லிலிருந்து வந்தது, நம் ஆச்சாரியாருக்கு உறவு. பல்கலைக்கழகத்துக்கு 'தெக்கதோ' என்று பெயர். பழைய தட்சசீலம் பாலியில் தக்கசிலா ஆகி, பர்மியில் இப்படி ஆனது. மூன்று மொழி பேசும் வீட்டில் பிறந்தது ஆங்கிலத்துக்குத் தடை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எனக்கு அதுதான் வழி காட்டியது.

மறுநாள் பான்சோடான் தெருவுக்குப் போனேன். ரங்கூனில் படித்தவர்களுக்கு அந்த நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் தெரியும். அங்கே ஒரு பழைய ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதி வாங்கினேன். அட்டை கிழிந்திருந்தது, ஆனால் உள்ளே எல்லாப் பக்கமும் இருந்தது. சாதாரண அகராதிக்கும் இதற்கும் வித்தியாசம் இருப்பது வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது. அதை உருவாக்கியவர் ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர். 1942-இல் தோக்கியோவில் முதலில் வந்த அகராதியை ஆக்ஸ்ஃபோர்ட் 1948-இல் எடுத்து வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று வகுப்பறையில் நின்று பார்த்த மனிதர் செய்த வேலை அது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எளிமையாக இருக்கும், உதாரண வாக்கியம் இருக்கும், வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று இருக்கும். நொட்டோரியஸ் என்ற சொல்லுக்கு நேராக, கெட்ட விஷயத்துக்காக அறியப்பட்ட என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஒரு நிமிடம் புரட்டியிருந்தால் போதும்.

அப்புறம் ஒரு நீளக் கோட்டு நோட்டு வாங்கினேன். ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம். முதலில் அந்தச் சொல்லை எந்த வாக்கியத்தில் பார்த்தேனோ அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுவேன். அதன் கீழே அந்தச் சொல்லோடு யார் யார் கூட வருகிறார்கள் என்று எழுதுவேன். எங்கள் டீக்கடையில் டீ கேட்பது மாதிரி. பால் தூக்கலாக, இனிப்பாக வேண்டுமென்றால் 'சோ செய்ன்'. கடுப்பாக வேண்டுமென்றால் 'சா செய்ன்'. சாதாரணமாக என்றால் 'போன்மான்'. இதில் சொல்லை மாற்றிப் போட்டால் கடைப்பையன் நம் முகத்தைப் பார்ப்பான். ஆங்கிலத்தில் டீ 'ஸ்ட்ராங்' ஆக இருக்கும், 'பவர்ஃபுல்' ஆக இருக்காது. இயந்திரம் பவர்ஃபுல் ஆக இருக்கும். மழை அங்கே 'ஹெவி', நமக்கும் கனமழைதான்; ஆனால் காற்று அங்கே 'ஸ்ட்ராங்', நமக்குப் பலத்த காற்று. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. கூட்டாளியோடு சேர்த்தே பழக வேண்டியதுதான். 'எவிடென்ஸ்' என்ற சொல்லை எழுதினால் அதன் கீழே, 'ஸ்ட்ராங்', 'கம்பெல்லிங்', அப்புறம் 'சஜ்ஜெஸ்ட்ஸ்' என்ற வினை, கடைசியில் பன்மை கிடையாது என்ற குறிப்பு. இவ்வளவும் சேர்ந்தால்தான் அது ஒரு சொல்.

கடைசியாக என் சொந்த வாக்கியம் ஒன்று. இதில்தான் எனக்கு அதிக நேரம் போகும். எனக்குத் தெரிந்த ஆளைப் பற்றி, உண்மையாக நடந்ததைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன் என்று வைத்துக்கொண்டேன்.

'ரிலக்டன்ட்' என்ற சொல் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'அன்வில்லிங்' என்பதும் அதுவும் ஒன்றுதான் என்று சூஷின் தாள் சொன்னது. அகராதியில் பார்த்தால் ஒன்றில்லை. அன்வில்லிங் என்றால் மாட்டேன் என்று நிற்பது. ரிலக்டன்ட் என்றால் மனம் ஒப்பாமல் தயங்குவது. தயங்கியவர் கடைசியில் செய்துவிடவும் கூடும். எங்கள் வீட்டுக் கதையே அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது. 1964-இல் அரசாங்கம் கடைகளைத் தேசியமயமாக்கியபோது தமிழ்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறின. ஐயாவின் அண்ணன் பிறந்த ஊரை விட்டுப் போக மனமில்லாமல் அழுதுகொண்டே பிள்ளைகளோடு ஏறினார். ஐயா ஏறவே இல்லை. 'ஹிஸ் பிரதர் வாஸ் ரிலக்டன்ட் டு லீவ். மை கிராண்ட்ஃபாதர் வாஸ் அன்வில்லிங்.' இரண்டு வரி எழுதிவிட்டு நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐயாவைப் பற்றி ஆங்கிலத்தில் நான் சரியாக எழுதிய முதல் வாக்கியம் அது. அந்த இரண்டு சொற்களையும் அதற்குப் பிறகு நான் குழப்பிக்கொண்டது கிடையாது. 'டு' என்ற சொல் பின்னால் வர வேண்டும் என்பதும் கூடவே நின்றுவிட்டது.

எழுதி வைத்தாலும் மறந்து போகும், அது தனிப் பிரச்சினை. ஸ்ட்ராண்ட் சாலையில் இருந்த பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் உறுப்பினரான பிறகுதான் அதற்கு ஒரு வழி தெரிந்தது. மறதியைப் பற்றி 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் எழுதியிருக்கிறார். தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, அர்த்தமே இல்லாத அசைகளை உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகத் தேய்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. எனக்கு அதில் உறைத்த இடம் அந்த 'அர்த்தமில்லாத அசைகள்'தான். கோடு போட்ட தாளில் நான் படித்த 20 சொற்களும் எனக்கு அப்படித்தானே இருந்தன.

1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதை ஒரு பெட்டியாக ஆக்கினார். ஐந்து அறை. புதுச் சொல் அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும். முதல் அறையை தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது, தெரியாத சொல் தப்பிக்காது.

பெட்டிக்கு எங்கே போவது? அப்பத்தாவிடம் பகானிலிருந்து வந்த ஒரு பழைய லபெட் பெட்டி இருந்தது. அரக்குப் பூச்சு, உள்ளே அறை அறையாக இருக்கும். நடுவில் லபெட் என்கிற ஊறவைத்த தேயிலை, சுற்றி வறுத்த பருப்பு, எள், பூண்டு. மூடி உடைந்ததால் புழக்கத்தில் இல்லை. கேட்டேன். துடைத்துக் கொடுத்தார். நடு அறையையும் சேர்த்துச் சரியாக ஐந்து. அட்டைகளைச் சின்னதாக வெட்ட வேண்டியிருந்தது, அது நல்லதுதான். நிறைய எழுத முடியாது. முன்பக்கம் சொல்லுக்குப் பதில் என் வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல் வரும் இடத்தைக் காலியாக விடுவேன். பின்பக்கம் சொல். அப்படிச் செய்தால் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கிற வேலை இல்லை, நாமே தேடி எடுக்க வேண்டும். படிக்கும்போது புரிகிற சொல் ஒன்று, பேசும்போது வாய்க்கு வருகிற சொல் வேறொன்று. இரண்டாவது வகைக்கு இப்படிக் கஷ்டப்பட்டுத் தேடினால்தான் வரும். மின்சாரம் போகும் இரவுகளில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு முதல் அறையை முடிப்பேன். அரக்கில் இருந்த தேயிலை வாசனை அட்டையில் ஏறியிருக்கும். இன்றைக்கும் லபெட் சாப்பிட்டால் எனக்குச் சில சொற்கள் ஞாபகம் வருகின்றன.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அரிய சொற்களாகத் தேடிப் படிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் என்பவர், இங்கே பக்கத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர், 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நியூசிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில், அந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறைப் பாடநூல்களிலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்களை எடுத்துத் தொகுத்தார். 570 சொற்குடும்பங்கள். அனலைஸ், அனாலிஸிஸ், அனலிட்டிக்கல் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். கல்வி நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு இந்த 570-இலிருந்து வருகிறது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிட லாபமான இடம் வேறில்லை. நாளுக்கு 5 குடும்பம் என்றால் நான்கு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு பட்டியல் எனக்கு உதவவில்லை, வாசிப்புதான். துணையில்லாமல் ஒரு நாவலையோ செய்தித்தாளையோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் கணக்கிட்டிருக்கிறார். நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட அளவு. ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம், ஐந்துக்கு ஒன்று என்றால் படிப்பே இல்லை, அகராதியைத் தூக்கிச் சுமப்பதுதான். நான் ஆரம்பத்தில் பெரிய நாவல்களை எடுத்து இருபது பக்கத்தில் விட்டிருக்கிறேன். அப்புறம் ஆங்கில வாரப் பத்திரிகைகளில் எங்கள் ஊர்ச் செய்திகளைப் படித்தேன். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் தெரியாத சொல்லை ஊகிக்க முடிந்தது. வெள்ளம் வந்த வாரத்தில் 'இனன்டேட்' என்ற சொல் தானாகப் புரிந்தது. 2014-இல் எங்கள் நாட்டுப் பணம் 1,500 ச்சாட்டுக்கு சிம் கார்டு வந்த பிறகு கையிலேயே அகராதி வந்துவிட்டது. அதற்கு முன் ஒரு சிம் வாங்குவதென்பது எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாத செலவு. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இருக்கிற வசதியைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

வேர்ச்சொல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. லத்தீனில் 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்ட், உள்ளே பார்ப்பது. ப்ராஸ்பெக்ட், முன்னால் பார்ப்பது. ரெட்ரோஸ்பெக்ட், பின்னால் பார்ப்பது. சஸ்பெக்ட், கீழிருந்து பார்ப்பது, சந்தேகப்படுகிறவன் கண் அப்படித்தானே போகும். ரெஸ்பெக்ட், திரும்பிப் பார்ப்பது. தமிழில் நோக்கு என்பதை வைத்துக்கொண்டு நோக்கம், உள்நோக்கம், தொலைநோக்கு, பின்னோக்கு என்று நாம் செய்வதும் இதே வேலை. இப்படி ஒரு முப்பது வேர் தெரிந்தால் முன்பின் பார்க்காத சொல்லும் பாதி புரியும். ஆனால் பாதிதான். 'பெட்' என்பது லத்தீன் வழியில் கால். பெடல் அதிலிருந்து வந்தது. பீடியாட்ரிக்ஸில் இருப்பதோ கிரேக்கம், குழந்தை. 'பெடஸ்ட்ரியன்' என்றால் நடந்து போகிறவர், சரி. ஒரு கட்டுரையைப் பெடஸ்ட்ரியன் என்று சொன்னால் சுவையே இல்லாத, சாதாரணக் கட்டுரை என்று அர்த்தம். வேரை வைத்து ஊகித்துவிட்டு, அகராதியில் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. என் ஐயா விஷயத்தில் நான் செய்யத் தவறியது அந்த ஒரு தடவைதான்.

ஒரு நாள் அப்பத்தா திண்ணையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'செரூட்' என்ற சொல் கண்ணில் பட்டது. பர்மா என்றாலே ஆங்கிலேயர்கள் நினைத்துக்கொள்ளும் பொருள் அது. சொல் எங்கிருந்து வந்தது என்று போட்டிருந்தது. தமிழ், சுருட்டு.

"அப்பத்தா, உங்க கையில இருக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன தெரியுமா? சுருட்டுதான்."

அவர் நம்பவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னார். அப்புறம் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டார். தேடித் தேடிச் சொன்னேன். கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' ஆனது. இந்த நாட்டுக் காட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் போன 'டீக்', மலையாளத் தேக்கு போர்ச்சுகீசியர் வாயில் விழுந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஐயாவின் கடையில் விற்ற 'பீட்டல்' வெற்றிலையும் அதே வழியில் போனதுதான். அப்பத்தா ஒவ்வொன்றையும் தன் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அதுவரை ஆங்கிலம் எனக்கு வெளியிலிருந்து வருகிற, பயந்து பயந்து தொட வேண்டிய ஒன்று. அன்றைக்கு அந்தத் திண்ணையில் அந்தப் பயம் போய்விட்டது. அதன் அகராதியில் எங்கள் வீட்டுச் சாமான்கள் இருந்தன.

இப்போது மாலையில் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லாம் எங்கள் பேட்டைத் தமிழ்ப் பிள்ளைகள்தான், இரண்டு பேர் பர்மியப் பிள்ளைகள். கோடு போட்ட தாள் கிடையாது. நோட்டு உண்டு, பெட்டி உண்டு. பெட்டிக்குப் பழைய பிஸ்கெட் டின், சோப்பு அட்டைப்பெட்டி என்று கையில் கிடைத்ததை எடுத்து அறை பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரத்துக்கு 15 சொல்லுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. பெற்றோர் சிலருக்கு அது குறைவாகத் தெரிகிறது. பக்கத்துச் சூஷினில் நூறு தருகிறார்களே என்பார்கள். தீமிதிப் பந்தியில் பரிமாறும்போது ஐயா சொல்வதையே அவர்களிடம் சொல்லுவேன்: இலையில் கொட்டுவது கணக்கில்லை, வயிற்றுக்குப் போவதுதான் கணக்கு.

போன மாதம் அதில் ஒரு பெண், ஒன்பதாவது படிக்கிறாள், தன் அம்மாச்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாச்சி சந்தையில் காய்கறி விற்கிறார். போலீஸ்காரரே வந்தாலும் விலையில் ஒரு ச்சாட் குறைக்க மாட்டாராம். 'ஃபார்மிடபிள்' என்ற சொல்லை எழுதப் போனவள் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இந்தச் சொல்லைப் பிடிச்சவங்களைப் பத்திச் சொல்லலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. அகராதியை அவள் பக்கம் நகர்த்தினேன். பான்சோடானில் வாங்கிய அதே அகராதி, இப்போது முதுகில் துணி ஒட்டியிருக்கிறது. விரல் வைத்துப் படித்தாள். பயமும் மரியாதையும் சேர்ந்து வரவைக்கிற ஆள் என்ற பொருளில் இருந்தது. உதாரண வாக்கியத்தையும் படித்தாள். பிறகு தொலைபேசியில் இன்னும் இரண்டு வாக்கியம் தேடிப் பார்த்தாள். ஒன்றில் எதிரணி ஃபார்மிடபிள் ஆக இருந்தது, இன்னொன்றில் ஒரு வழக்கறிஞர்.

"வக்கீலைத் திட்டலையேக்கா?"

"திட்டல."

"அப்ப அம்மாச்சிக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு அட்டையை வெட்டி, வாக்கியத்தைப் போட்டு, நடுவில் இடம் விட்டு, பிஸ்கெட் டின்னின் முதல் அறையில் வைத்தாள்.